மெட்டுக்கும் பாடபேதம் உண்டு

சென்ற வாரம் ஏட்டுச் சுவடிகளைப் பற்றிப் பேசினோம். ஒரே செய்யுள் நான்கு சுவடிகளில் நான்கு விதமாகக் கிடப்பதையும், உ. வே. சாமிநாதையர் போன்றோர் அவற்றை ஒப்புநோக்கிப் பாடம் கண்ட வகையையும் சொன்னேன். அதைக் கேட்ட நேயர் ஒருவர், “ஏட்டுக்குப் பாடபேதம் உண்டென்றால் பாட்டின் மெட்டுக்கும் உண்டா?” என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. அந்தக் கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முந்தியே, இதே கேள்வி புளியந்தீவில் ஒரு வீட்டு விறாந்தையில் என் முன்னால் வந்து நின்றது.

உயர்தர வகுப்புத் தமிழ் படிக்க மாலை நேரங்களில் என்னிடம் வரும் மாணவன் ஒருவன் இருக்கிறான். பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை. வீட்டிலே தமிழ்தான் பேச்சு. பாட்டனாரும் பாட்டியாரும் தமக்குள் பேசும்போது மட்டும் பழைய போர்த்துக்கேயம் எட்டிப் பார்க்கும். பாட்டனார் தச்சுவேலையில் வல்லவர். ஒருகாலத்தில் கலியாண வீடுகளில் வயலின் வாசித்தவர். விரல்கள் வாதத்தால் மடங்கிப் போனபின் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். பேரன் அதை வெளியே எடுத்து, கைத்தொலைபேசியில் வந்த பழைய பதிவொன்றைக் கேட்டுக் கேட்டு, கபிரிஞ்ஞா மெட்டு ஒன்றை மூன்று மாதமாகப் பழகியிருந்தான். எப்போதோ நடந்த கலியாண வீடொன்றில் கசற்றில் பிடித்த பதிவு அது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர் ஒருவர் அனுப்பியது.

நான் போயிருந்த அன்று பாட்டனாருக்கு முன்னால் அதை வாசித்தான். கிழவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், “நல்லாத்தான் இருக்கு மகன். ஆனா இது எங்கட வீட்டு மெட்டு இல்லை” என்றார். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஒரு சுரமும் பிசகாமல் வாசிச்சேன் சேர்” என்று என்னிடம் முறையிட்டான். பதிவை ஓடவிட்டுக் கேட்டேன், பிசகவில்லைதான். கிழவரும் பொய் சொல்பவர் அல்லர். இரண்டு பேரும் சரி. அது எப்படி என்று விளங்க, சற்றுத் தள்ளி நின்று தொடங்கவேண்டும்.

புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் அமைத்தது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பறித்தது 1638இல். கணக்குப் பார்த்தால் பத்தே ஆண்டு. ஆனால் அவர்களுடைய மொழியின் ஒரு கிளை, நம் மண்ணோடு கலந்த கிரியோல் மொழியாய், இங்குள்ள பறங்கியர் வீடுகளில் இன்றுவரை முற்றாக அற்றுப்போகவில்லை. அந்த மொழியை அறியாத நாமும் கதிரையில் இருக்கிறோம், சப்பாத்துப் போடுகிறோம், குசினியில் பாண் வெட்டுகிறோம். எல்லாம் போர்த்துக்கேயச் சொற்களே. சிங்களத்தில் வயலினுக்கு வழங்கிய ‘ரவிகிஞ்ஞ’ என்ற பெயரும் அவ்வழி வந்ததே. சொற்கள் வந்த அதே கப்பலில் மெட்டுகளும் வந்தன. ஆபிரிக்கரையும் அக்கப்பல்கள் கொண்டுவந்தன. கபிரிஞ்ஞா என்ற பெயருக்குள்ளேயே காப்பிரி என்ற சொல் இருக்கிறது. ஆகவே அது ஐரோப்பிய மெட்டு என்று சொல்வதும் முழு உண்மையன்று.

அதன் நடையைக் கேட்டிராதவர்கள் பைலாவை நினைத்துக்கொள்ளலாம். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யைக் கேட்டுக் காலால் தட்டாதவர் நம்மில் யார்? அந்தத் தட்டுத்தான். நம் கணக்கில் சொன்னால் ‘தகிட தகிட’ என்று இரண்டு மும்மைகள். அதே ஆறு மாத்திரைகளை இடையிலே ‘தக தக தக’ என்று மூன்று இரட்டைகளாகப் பிரித்துப் போட்டுக் காலைத் தடுமாற வைப்பதிலேதான் கபிரிஞ்ஞாவின் குறும்பு இருக்கிறது. இதை எழுதிக் காட்டலாம். எழுதிக் காட்டியதைப் படித்து எவரும் ஆடிவிட முடியாது.

எழுத்தின் எல்லை இங்கேதான் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஹியூ நெவில், நம் நாட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவருடைய தொகுப்பு இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதிலே கிரியோல் பாடல்கள் அடங்கிய கையெழுத்துப் படி ஒன்றும் உண்டு. அதில் ஒரு பகுதி மட்டக்களப்பின் பெயரையே தாங்கியிருக்கிறது. கென்னத் டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்க அறிஞர் இதை ஆராய்ந்து, இத்தகைய பாடல்களைப் பற்றி 1990இல் நூல் வெளியிட்டார். பெரும்பாலும் நாலடிப் பாட்டுகள். ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கேலியும் காதலுமாய்த் தொடுப்பவை. நம் கிழக்கு மாகாணத்து வயல்வெளிகளில், சிறப்பாக முஸ்லிம் ஊர்களில், பாட்டும் மறுமொழியுமாய் வழங்கிய கவியை இது நினைவூட்டவில்லையா? கவியும் நாலடி, ஒரே இழுப்பில் எத்தனை கவியையும் பாடலாம். இங்கும் ஒரு மெட்டு எத்தனையோ பாட்டுக்குப் பாத்திரம். நெவிலின் படியில் பாட்டுகள் இருக்கின்றன. பாத்திரம் இல்லை.

பாத்திரம் தொலைந்தால் என்ன பாடு படவேண்டும் என்பதற்குக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளைவிட வேறு சாட்சி வேண்டாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, எவரும் காதாற் கேட்டிராத யாழின் இசையைக் கணக்கினால் மீட்க முனைந்தார் அவர். அதன் விளைவான ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். நுட்பமான அறிவு முழுவதையும் செலவிட்டுத் தேடியதை, இளங்கோ காலத்துப் பாணர் ஒருவர் ஐந்து நிமிடம் வாசித்து எங்காவது பதிந்திருந்தால்! இது வெறும் ஆசைதான். ஆனால் ஒலிப்பதிவின் அருமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அடிகளின் நினைவே வருகிறது.

நம் ஊரில் பதிவின் பயனை உணர்த்தியவற்றில் வாவியும் ஒன்று. 1950களில் இயேசு சபையைச் சேர்ந்த அமெரிக்கத் துறவியான லாங் அடிகளார், நிலாக்காலத்தில் வள்ளத்திலே போய் நீருக்கடியில் எழும் பாடுமீன் ஒலியைப் பிடித்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீராவிட்டாலும், ஒலி என்ன என்பதிலே வழக்கில்லை. கேட்டவர்கள் இருந்தார்கள்.

சரி, பதிவு கையில் இருக்கிறது. அதைக் கேட்டு மெட்டைப் படிப்பது எப்படி? என் மாணவன் செய்ததைப் போல எடுத்த எடுப்பில் வயலினைத் தூக்கக்கூடாது. முதலில் கால் அறியவேண்டும்; நடையைத் தட்டிக்கொண்டு பல நாள் சும்மா கேட்கவேண்டும். பிறகு தொண்டை அறியவேண்டும். வாயால் முணுமுணுக்க வராத மெட்டு விரலுக்கு வராது; வந்தாலும் அது விரலின் பாடமே தவிர மெட்டின் பாடமாகாது. முணுமுணுக்கும்போதே மெட்டு எங்கே மூச்சு விடுகிறது என்று புலப்படும். ஆட்டத்துக்கான மெட்டுகளிலே பெரும்பாலும் இரண்டு கூறுகள் இருக்கும். முதற்கூறு தாழ்ந்து நடக்கும். அடுத்தது மேலே ஏறும், நம் அனுபல்லவியைப் போல. இந்தக் கூறுகளைப் பிரித்தறிந்தபின், சொற்றொடரைப் பிரித்துப் பொருள் காண்பதைப் போல, சிறு சிறு துண்டாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சுருதி. இதிலேதான் பலர் ஏமாறுகிறார்கள். கசற் கருவியின் மின்கலம் தளர்ந்தால் நாடா மெல்ல ஓடும். மெல்ல ஓடும்போது பிடித்ததைச் சரியான வேகத்தில் போட்டால் மெட்டு விரைந்து, சுருதியும் ஏறிவிடும். படிக்குப் படி எடுக்க எடுக்க இந்தக் கோளாறு கூடும். என் மாணவன் கேட்ட பதிவு ஏறக்குறைய ஒரு முழுச் சுரம் ஏறியிருந்தது. அது தெரியாமல் பதிவோடு இணங்க வேண்டுமென்று தந்திகளை முறுக்கிக்கொண்டே போய், மேல்தந்தி அறுந்து கன்னத்தில் கோடு போட்டிருந்தது. பாட்டனாரின் குரல் அந்தச் சுருதியில் சேராததற்கும் இதுவே காரணம். அவர் பாடிய உயரம் வேறு. நாடா கொண்டுவந்த உயரம் வேறு.

வேகமும் தொல்லைதான். முன்னாளில் பெரிய ரீல் ஒலிநாடாவை அரை வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஸ்தாயி இறங்கி முனகும் அந்த ஒலியிலிருந்து நுணுக்கங்களைப் பொறுக்கினார்கள். இன்று சுருதி இறங்காமலே வேகத்தை மாத்திரம் குறைக்கும் வசதி கைத்தொலைபேசியில் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் மெல்லக் கேட்கும்போது ஒவ்வொரு அலங்காரமும் எலும்பைப் போலத் தோன்றும். எது எலும்பு, எது நகை என்று காது மயங்கும்.

எலும்பையும் நகையையும் பிரித்தறிய ஒரே பதிவு போதாது. இங்கேதான் சாமிநாதையரின் வழி நமக்கு உதவுகிறது. ஒரே மெட்டை மூன்று பேர் வாசித்ததைத் தேடிக் கேட்கவேண்டும். மூவரும் விடாமல் பிடித்திருப்பது மெட்டு. அவரவர் மாற்றியிருப்பது அவரவர் கை. ஒரு வேற்றுமையை மட்டும் மறக்கக்கூடாது. சுவடிகளை ஒப்புநோக்குவோர், புலவன் எழுதிய அந்த ஒரு பாடத்தைக் கண்டடைவதற்காகவே மற்றவற்றை ஒதுக்குகிறார்கள். நாட்டார் மெட்டிலே ஒதுக்குவதற்கு எதுவுமில்லை. அங்கே மூலச் சுவடி என்று ஒன்று இருந்ததேயில்லை. ‘எங்கட வீட்டு மெட்டு’ என்று கிழவர் சொன்னது இதைத்தான்.

ஒரே பதிவைப் பிடித்துக்கொண்டால் நேர்வது என்ன என்பதற்கு அயர்லாந்தின் கதை நல்ல பாடம். அந்த நாட்டாரும் நாட்டுப்புற மெட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காதாற் படித்தவர்கள். அவர்களுடைய ‘ஜிக்’ ஆட்டத்தின் நடையும் நம் தகிட தகிட என்பதே. வறுமையால் அமெரிக்காவுக்குப் போனவர்களோடு மெட்டுகளும் போயின. சிக்காகோ நகரப் பொலிஸ் தலைமை அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் ஓநீல், தம் கீழிருந்த அயர்லாந்துப் பொலிஸ்காரரிடமும் ஊராரிடமும் கேட்டுச் சேர்த்த மெட்டுகளை 1903இல் நூலாக்கினார். 1850 மெட்டுகள்! அவர் பாட, இசைக்குறியாக எழுதியவர் ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொரு பொலிஸ்காரர். (நம் நாட்டுப் பைலாவை மேடைக்குக் கொண்டுவந்த வாலி பஸ்தியனும் பொலிஸ்காரரே. இந்த உத்தியோகத்துக்கும் மெட்டுக்கும் என்ன உறவோ, நேயர்கள்தான் சொல்லவேண்டும்.)

நூல் வந்தும் பெரும்பாலோர் காதையே நம்பினார்கள். அப்போதுதான் இசைத்தட்டு வந்தது. ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து 1914இல் அமெரிக்கா சென்ற மைக்கல் கோல்மன் என்ற வயலின்காரர், 1920களிலும் 30களிலும் நியூயோர்க்கில் இசைத்தட்டுகள் வெளியிட்டார். அவை கடல் கடந்து திரும்பி வந்து அயர்லாந்தின் கிராமத்துக் குசினிகளில் ஒலித்தன. தங்கள் இசை தட்டில் ஏறும் தகுதி உடையது என்று மக்கள் உணர்ந்தது அப்போதுதான். அது சிறிய பேறன்று. கூடவே இன்னொன்றும் நடந்தது. வெவ்வேறு மாவட்டத்தார் தங்கள் ஊர்ப் பாணியை விட்டுக் கோல்மனைப் போல வாசிக்கத் தலைப்பட்டனர். தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடந்தான் ஓடும். அந்த இடத்தை நிரப்ப அவர் இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து வாசித்தார். 1934இல் ‘டார்போல்டன்’ முதலான மூன்று மெட்டுகளை அவர் கோத்த வரிசை, இன்றும் உலகெங்கும் அந்த வரிசையிலேயே வாசிக்கப்படுகிறது. ஒரு மனிதர் ஒருநாள் ஒரு கூடத்தில் செய்த தெரிவு மரபாகிவிட்டது.

கோல்மன் மேதை. அவரைப் பின்பற்றியதிலே குற்றமில்லை. குற்றம் என்று ஒன்று இருந்தால், மற்ற ஊர்க் கிழவர்களைப் பதிய ஆள் இல்லாமற் போனதுதான். அயர்லாந்து பிறகு விழித்துக்கொண்டது. ஊர் ஊராகப் பதிந்தார்கள். 1987இல் டப்ளினில் மரபிசைக்கென்றே காப்பகம் கண்டார்கள். இன்று அங்கே ஒரு பையன் ஒரு மெட்டைப் படிக்க விரும்பினால் பல வாசிப்புகளைக் கேட்கலாம்.

நம் பிள்ளைக்கு எத்தனை கிடைக்கும்? விரல்விட்டு எண்ணிவிடலாம். 1998இல் லிஸ்பன் நகரத்து உலகக் கண்காட்சியை ஒட்டி, போர்த்துக்கேயர் போன கடல்வழியெல்லாம் எஞ்சியிருந்த இசையைத் தொகுத்து இறுவட்டு வரிசை ஒன்று வெளியிட்டார்கள். அதில் ஒன்று இலங்கைக்குரியது. 2017 முதல் லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஊகோ கார்தோசோவும் அவருடைய குழுவினரும் நம் மாவட்டத்துப் பறங்கியர் வீடுகளுக்கு வந்து பேச்சையும் இசையையும் பதிந்து, அழியும் மொழிகளுக்கான இணையக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். இவை பெரிய உதவிகள். மற்றவை வீட்டுக் கசற்றுகள். போர்க்காலத்து இடப்பெயர்வுகளில் சில போயின. புலம்பெயர்ந்தோரின் பெட்டிகளில் சில போயின. 2004 மார்கழி 26இல் டச்பார்க் கரையை அலை அடித்தபோது, அங்கிருந்த பறங்கியர் குடும்பங்கள் பட்டது உயிரிழப்பு. அந்த இழப்பின் முன்னால் கசற்றைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வாசித்த கைகளும் அன்று போயின, அவர்கள் வாசித்தது பதிந்த நாடாக்களும் போயின.

இதைச் சொல்லும்போது நம் கூத்தும் நினைவுக்கு வருகிறது. அண்ணாவியாரிடம் கூத்துக் கொப்பி இருக்கும். அதில் தரு இருக்கும். தருவின் இராகம் அவருடைய தொண்டையில் இருக்கும். சட்டம் கொடுத்த நாள் முதல் அரங்கேற்றம் வரை மாதக்கணக்காக அவர் பாட, ஆடுவோர் திருப்பிப் பாடிப் பிடிப்பார்கள். ஆடுகிறவனின் குரல் மேலே எட்டாவிட்டால் அவனுக்கென்று மெட்டை ஓரிடத்தில் மடக்கிக் கொடுப்பார். காணொளியைப் பார்த்துக் கூத்துப் பழகும் இளைஞர்களுக்கு, வேறு எவருக்கோ மடக்கிக் கொடுத்த அந்த மடக்குத்தான் கிடைக்கிறது. கபிரிஞ்ஞாவும் இப்படியே. வாசிக்கிறவரின் கண் ஆடுவோரின் காலில் இருக்கும்; கிழவர்கள் ஆடினால் தளர்த்துவார், இளசுகள் இறங்கினால் இறுக்குவார். பதிவிலே காலும் தெரியாது, வில் பிடித்த கையும் தெரியாது. ஒரே வில்லிழுப்பில் எத்தனை சுரம் என்பதைக் காது ஊகிக்கத்தான் வேண்டும்.

புளியந்தீவு விறாந்தைக்குத் திரும்புவோம். மாணவன் மறுபடியும் வாசித்தான். இரண்டாம் கூறின் நடுவில் ஓரிடத்தில் இரண்டு தட்டு நிறுத்திப் பிறகு தொடர்ந்தான். திரும்ப வந்தபோதும் அதே நிறுத்தம். “அந்த இடத்திலே என்ன மகன் செய்யிறாய்?” என்று கேட்டார் பாட்டனார். பதிவில் அப்படித்தான் இருக்கிறது என்று போட்டுக் காட்டினான். உண்மைதான்; இரண்டு தட்டு வெறுமை, பின்னணியில் ஒரே இரைச்சல், பிறகு வயலின். கிழவர் சிரித்த சிரிப்பில் பாட்டியார் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “வாசிக்கிறவனுக்கு ஆரோ கிளாஸ் நீட்டியிருப்பான்!” ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், பாடினவன் பாட்டைக் கெடுத்தான்’ என்பார்கள். இங்கே கெடுத்தவர் உபசரித்தவர். மூன்று மாதமாக நம் பிள்ளை ஒரு மிடறு சாராயத்தைப் பழகியிருக்கிறான்.

அன்று மாலையே தொலைபேசியைப் பாட்டனாரின் முன்னால் வைக்கச் சொன்னேன். விரல் மடங்கினாலும் வாய் இருக்கிறதே. மேசையில் தட்டிக்கொண்டு அதே மெட்டைப் பாடினார். சொற்கள் பாதி வந்தன. வராத இடத்தில் தன்னானே போட்டார். மறுபடி பாடச் சொன்னோம். இரண்டாம் கூறு வேறாக ஏறியது. மூன்றாம் முறை பாட்டியாரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சேர்ந்தார், வேகம் கூடியது. நான்காம் முறை, தம் தகப்பனார் இப்படித்தான் முடிப்பார் என்று வேறொரு முடிப்பைச் சொன்னார். பேரன் வாழ்நாளில் கேட்டிராத முடிப்பு. “இதில் எதைப் படிக்கிறது சேர்?” என்று கேட்டான். நான்கையும் என்றேன்.

ஏடு எழுதியவர்கள் இறுதியில் தம் பெயரையும் நாளையும் எழுதி வைப்பது வழக்கம் என்று சென்ற வாரம் சொன்னேன் அல்லவா? அதேபோல ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடியவர் யார், எவரிடம் கேட்டது, எந்த ஊர், என்ன நாள் என்று அவனுடைய குரலிலேயே சொல்லிப் பதியச் செய்தேன். மெட்டின் பெயர் என்னவென்று கேட்டதற்குக் கிழவர் யோசித்துவிட்டு, பெயர் எதுவும் இல்லை, தம் தமக்கையின் கலியாணத்தில் வாசித்த மெட்டு என்றார். அதையே பெயராகப் போட்டோம்.

நான்காம் பதிவின் கடைசியில் பாட்டனார் பலமாக இருமுகிறார். அதை வெட்டிவிடவா என்று கேட்டான் மாணவன். வெட்டவேண்டாம், ஆனால் வயலினில் வாசிக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.